மூச்சு வாங்கினால் மரம் காட்டுவார்

சென்னையில் மலையேற்றம் என்று பேச்செடுத்தால் குரங்கணி, வெள்ளியங்கிரி, வட்டக்கானல் என்று ஆரம்பிப்பார்கள். கையில் காசும் விடுப்பும் இருப்பவர்கள் நேரே இமயமலைக்குப் போய்விடுவார்கள். திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி ஏரியைத் தாண்டி முள்ளும் சரளையுமாக ஒரு புதர்க்காடு கிடக்கிறது, அதற்குள் நடந்து போனால் குடியம் குகை வரும் என்று சொல்லிப் பாருங்கள். "அங்க என்ன இருக்கு?" என்பார்கள். நியாயமான கேள்விதான். அருவி இல்லை, பனிமூட்டம் இல்லை, தேயிலைத் தோட்டம் இல்லை. ஆனால் நாற்காலியிலேயே உட்கார்ந்து பழகிய உடம்பை மறுபடி நடைக்குக் கொண்டுவர நினைக்கும் சாதாரண ஆளுக்கு, சென்னையைச் சுற்றி இதைவிட நல்ல காடு கிடையாது என்பது என் கட்சி.

மூர் மார்க்கெட் நிலையத்திலிருந்து இருட்டோடு கிளம்பும் அரக்கோணம் லோக்கலில் போனேன். ஆவடி வரை ஜன்னலுக்கு வெளியே நகரம் விடாமல் கூடவே வருகிறது. திருநின்றவூர் தாண்டியதும்தான் அங்கங்கே வயலும் ஏரிக்கரையும் தென்படும். திருவள்ளூரில் இறங்கி, நிலையத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் சூடாக நாலு இட்லி. நடக்கப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு வரக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அங்கிருந்து வேனில் பூண்டி.

கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டி 1944இல் திறந்த நீர்த்தேக்கம் அது. சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கியிருக்கிறது. கண்டலேறிலிருந்து வரும் கிருஷ்ணா நீரும் இங்கேதான் வந்து சேர்கிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரி என்பதால் ஏரி நிறைந்திருந்தது. வேன் நிற்கவில்லை, வெயில் ஏறுவதற்குள் காட்டுக்குள் போயாக வேண்டும்.

குடியம் ஊருக்கு வெளியே வழிகாட்டிகள் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் இருளர் சமூகத்து இளைஞர், இந்தப் பக்கத்துக்காரர். இன்னொருவர் பக்கத்துக் கிராமத்துப் பெண். அவருக்கு வரிசையின் கடைசியில் வருவதுதான் வேலை. தமிழ்நாடு அரசின் வனத்துறையும் வன அனுபவக் கழகமும் 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் இருக்கின்றன. குடியமும் அதில் ஒன்று. உள்ளூர் இளைஞர்களுக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி கொடுத்து அவர்களையே வழிகாட்டிகளாக வைத்திருப்பதுதான் அந்தத் திட்டத்தின் உயிர்நாடி.

வழிகாட்டி எதற்கு, பாதை தெரிந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்துபோனார்கள். பாதிப் பேருக்கு மேல் பெண்கள், பெரும்பாலும் இளம் வயது. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, காய்ந்த புல் எங்கே இருக்கிறது, தப்பிக்க எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது அந்தக் காட்டில் வளர்ந்தவருக்குத் தெரியும். கைபேசியில் இருக்கும் வரைபடத்துக்குத் தெரியாது.

கிளம்புவதற்கு முன் எங்களை வட்டமாக நிற்கவைத்தார்கள். சர்க்கரை யாருக்கு, இரத்த அழுத்தம் யாருக்கு, முட்டியில் வலி யாருக்கு என்று இளைஞர் ஒவ்வொருவரிடமும் கேட்டார். கூச்சப்பட்டு மறைத்தவர்களிடம் தண்ணீர் பாட்டிலைச் சரிபார்ப்பதுபோல அருகில் போய், தணிந்த குரலில் மறுபடி கேட்டார். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வந்த ஒரு பையனை ஊர்க் குழாயில் கழுத்தையும் கையையும் கழுவிவிட்டு வரச் சொன்னார். குகையில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கிறதாம். பிறகு கணுக்கால், முட்டி, இடுப்பு என்று கீழிருந்து மேலாகச் சுழற்றும் பயிற்சி. ஊர்ப் பிள்ளைகள் மதில் மேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் கூட்டத்தில் கணினி நிறுவன இளைஞர்கள் சிலர், ஒரு கணவன் மனைவி, பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர். அந்த அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும், நடையில் லேசான தயக்கம். "தம்பி, நான் மெல்லத்தான் வருவேன். எனக்காக யாரும் நிக்க வேணாம்" என்றார்.

"நீங்க எனக்கு அடுத்தாப்பல வாங்கம்மா. மத்தவங்க உங்களுக்குப் பின்னாடி வரட்டும்" என்றார் வழிகாட்டி.

இளைஞர்களுக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வரிசையில் மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டால் கூட்டம் அறுந்துபோகாது. பின்னால் விட்டால், முன்னால் போனவர்கள் நின்று இளைப்பாறிக் கிளம்பும் நேரத்தில்தான் அவர் வந்து சேருவார். அவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. களைத்தவருக்கே ஓய்வு இல்லை என்ற இந்த அநியாயம் நம் ஊர்ச் சுற்றுலாக்கள் எல்லாவற்றிலும் நடக்கிறது. இங்கே ஒரே ஏற்பாட்டில் அதைத் தீர்த்துவிட்டார்கள்.

முதல் கொஞ்ச தூரம் செம்மண் வண்டிப்பாதை. பிறகு பாதை குறுகி, கால் வைக்கும் இடமெல்லாம் உருண்டைக் கற்கள். இந்த மண்ணின் அடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய கூழாங்கற்கள் படிந்து இறுகிய பாறை இருக்கிறது. அது உதிர்ந்து உதிர்ந்து பாதை முழுக்கக் கற்களாகப் பரவிக் கிடக்கிறது. ஒரு கல் பக்கவாட்டில் உருளும், அடுத்தது அமுங்கும், மூன்றாவது அசையவே அசையாது. சென்னைப் பூங்காக்களில் சிமெண்ட் ஓடுகளின் மேல் நடப்பவனுக்கு ஒவ்வொரு அடியும் முந்தைய அடியேதான். இங்கே எந்த அடியும் இன்னொன்றைப் போல இல்லை. கணுக்காலைச் சுற்றி, பாதத்தின் ஓரத்தில், இடுப்புக்குப் பக்கத்தில் பெயர் தெரியாத சின்னச் சின்னத் தசைகளெல்லாம் விழித்துக்கொள்கின்றன. மேடுபள்ளமான தரையில் நடக்கும்போது, அதே வேகத்தில் சமதரையில் நடப்பதைவிடக் கால் பங்குக்கு மேல் கூடுதலாகச் சக்தி செலவாகிறது என்று நடையை ஆராய்பவர்கள் ஆய்வுக்கூடத்தில் அளந்திருக்கிறார்கள். வயதானவர்கள் தடுமாறி விழாமல் இருக்க வேண்டிய சமநிலையும் இப்படிப்பட்ட தரையில்தான் பழகும். நடைப்பயிற்சி இயந்திரத்தில் எத்தனை மணி நேரம் ஓடினாலும் அது வராது.

இளைஞர்களில் ஒருவர் மணிக்கட்டில் கட்டியிருந்த கருவியைப் பார்த்துக்கொண்டே நடந்தார். அவருக்குப் பத்தாயிரம் அடி ஆக வேண்டுமாம். அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. 1965இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் அடி எண்ணும் கருவியை விற்பதற்கு வைத்த பெயர் அது. மருத்துவ ஆய்வில் கண்டறிந்த கணக்கு இல்லை. உலக சுகாதார அமைப்பு அடிகளை எண்ணச் சொல்லவில்லை. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. மிதமான என்றால் எவ்வளவு? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது; மருத்துவர்கள் சொல்லும் எளிய சோதனை இது.

வழிகாட்டி அந்தச் சோதனையை எங்கேயாவது படித்திருப்பாரா தெரியாது. ஆனால் நாள் முழுக்க அவர் செய்தது அதைத்தான். முதுகை எங்களுக்குக் காட்டி முன்னால் நடந்தாலும் அவருடைய காது எங்கள் பேச்சில்தான் இருந்தது. கணவனும் மனைவியும் சண்டை போடும் வரை, இளைஞர்கள் சினிமாக் கதை பேசும் வரை, அவர் நிற்கவில்லை. பேச்சு குறைந்து மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கத் தொடங்கியதும் ஏதாவது ஒரு மரத்தடியில் நின்றுவிடுவார்.

"இது வெப்பாலை. இலையைக் கிள்ளுங்க, பால் வரும்." கிள்ளினோம், வந்தது. "தோல் வியாதிக்கு எண்ணெயில போட்டு வெயில்ல வைப்பாங்க. எண்ணெய் ஊதாவா மாறிடும்."

அடுத்த நிறுத்தத்தில் நுணா. பட்டையைச் சுரண்டினால் உள்ளே மஞ்சள். இன்னொரு இடத்தில் எட்டி. பழத்தைத் தொடாமல் பார்க்கச் சொன்னார். விராலி இலையை அரைத்து எலும்பு முறிவுக்குக் கட்டுவதை ஆசிரியை முந்திக்கொண்டு சொல்ல, "அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கே" என்று சிரித்தார். சூரை முள் சட்டையைப் பிடித்து இழுத்த இடத்தில் அதன் கறுத்த சிறு பழங்களைப் பறித்துக் கொடுத்தார். புளிப்பும் இனிப்புமாக, கொட்டைதான் பெரிது. ஒவ்வொரு பாடமும் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். பாடம் முடியும்போது எங்கள் மூச்சும் சீராகியிருக்கும். களைத்துவிட்டீர்களா என்று அவர் ஒரு முறைகூட யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த இளைஞர்கள் நிச்சயமாக இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

உடற்பயிற்சிக்கூடத்தில் பயிற்சியாளர் எண்ணுவார்: இன்னும் பத்து, இன்னும் ஐந்து. முழுக் கவனமும் வலியின் மேலேயே இருக்கும். ஜனவரியில் ஆண்டுச் சந்தா கட்டியவர்களில் பலர் பங்குனிக்குள் காணாமல் போவதற்குச் சோம்பல் மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. அங்கே உடம்பைத் தவிரப் பார்க்க வேறொன்றும் இல்லை. இங்கே பனங்காடை பறக்கிறது, எங்கோ மயில் அகவுகிறது, தவிட்டுக்குருவிக் கூட்டம் நமக்கு முன்னால் புதருக்குப் புதர் தாவிக் கத்திக்கொண்டே போகிறது. கவனம் வெளியே போய்விடுவதால் கால் தன் வேலையைத் தானே செய்துகொள்கிறது.

குகை திடீரென்றுதான் வந்தது. பள்ளத்துக்குள் இறங்கி, மரங்களுக்கு நடுவே திரும்பியதும் தலைக்கு மேல் பாறை கவிந்து நின்றது. குகை என்று சொன்னாலும் ஒரு பக்கம் முழுக்கத் திறந்த பாறை ஒதுங்கிடம்தான். நூறு பேர் தாராளமாக நிற்கலாம். சுவரில் கடலை மிட்டாயில் கடலை பதிந்திருப்பதைப் போல ஆயிரமாயிரம் கூழாங்கற்கள் பதிந்திருந்தன. மேலே, எட்டாத உயரத்தில், தேன்கூடுகள் கறுப்பாகத் தொங்கின. வழிகாட்டி விரலை உதட்டில் வைத்ததும் கூட்டம் அடங்கியது. வாசனை போட்டு வந்த பையன் தன் கையை ஒரு முறை முகர்ந்து பார்த்துக்கொண்டான்.

ஒரு அம்மன் இருக்கிறாள் இங்கே. மஞ்சளும் குங்குமமும் காய்ந்த மாலையும். ஊர்க்காரர்கள் வந்து கும்பிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு வெகுகாலத்துக்கு முன்னும் மனிதர்கள் வந்திருக்கிறார்கள். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழங்கற்கால வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் சேர்ந்து அவர் இந்தப் பக்கம் வந்து, குடியத்துக்கு அருகில் உள்ள அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார். அந்த அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் அகழாய்வு செய்து, அங்கே கிடைத்த கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011இல் வெளியிட்டார்கள். குடியம் குகையை 1960களின் தொடக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டிப் பார்த்தது. அங்கேயும் கருவிகள் கிடைத்தன.

ஆசிரியை ஒரு கல்லில் உட்கார்ந்து, பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். "அவங்க தினமும் இப்படித்தானே நடந்திருப்பாங்க, சாப்பாட்டுக்காக" என்றார். கல்லுக்காகவும் நடந்திருப்பார்கள். கருவி செய்ய ஏற்ற குவார்ட்சைட் கூழாங்கல் இந்தப் பாறைகளிலிருந்துதான் உதிர்ந்தது. லட்சக்கணக்கான ஆண்டுகள் நடந்து நடந்து உருவான உடம்பை நாம் முப்பது நாற்பது ஆண்டுகளில் நாற்காலியில் உட்கார்த்திவிட்டோம். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருக்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வு 2023இல் சொன்னது. தமிழ்நாட்டின் விகிதம் நாட்டின் சராசரியைவிட அதிகம்.

திரும்பும் வழியில்தான் இளைஞர்களின் சுருதி இறங்கியது. இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது கால் நடுங்கும். பழக்கமில்லாதவர்களுக்கு வலி மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் உச்சத்துக்கு வரும் என்று வழிகாட்டி முன்னாலேயே எச்சரித்தார். "மாடிப்படி இறங்கும்போது என்னைத் திட்டுவீங்க" என்றார். ஓடியாடி வந்தவர்கள் கைத்தடி கேட்டார்கள். ஆசிரியை காலையில் எந்த வேகத்தில் நடந்தாரோ அதே வேகத்தில் ஊர் வந்து சேர்ந்தார். கடைசியாக வந்த பெண் வழிகாட்டி, வழியில் யாரோ போட்டுவிட்டுப் போன பழைய பிஸ்கட் உறைகளைப் பொறுக்கிக்கொண்டே வந்தார்.

திருவள்ளூர் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஆசிரியையிடம் மறுபடி வருவீர்களா என்று கேட்டேன். "மாசம் ஒரு தடவை இப்படிக் கூட்டிட்டுப் போனா சர்க்கரை மாத்திரையே குறைஞ்சிடும் போல இருக்கு. ஆனா ஒவ்வொரு மாசமும் இவ்வளவு காசு குடுக்க முடியாதே" என்றார்.

அவர் சொன்னதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு நாள் நடந்தால் நினைவு மிஞ்சும். வாராவாரம் நடந்தால்தான் உடம்பு மாறும். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்ட்ஷர் பக்கம் ஒரு சின்ன ஊரில், வில்லியம் பேர்ட் என்ற குடும்ப மருத்துவர் 1990களில் தன் நோயாளிகளுக்காக வழிகாட்டியோடு நடக்கும் கூட்டங்களை ஏற்பாடு செய்தார். 1998இல் 'பசுமை ஜிம்' என்ற ஒன்றையும் ஆரம்பித்தார். பக்கத்துக் காட்டில் புதர் வெட்டுவது, பாதை சீராக்குவது, மரம் நடுவது ஆகியவைதான் அங்கே உடற்பயிற்சி. தலைமை தாங்கக் கூடவே ஒருவர் இருப்பார்; தொடக்கத்தில் தசைகளைச் சூடாக்கும் பயிற்சி, முடிவில் தளர்த்தும் பயிற்சி. பக்கத்துக் காடு, தெரிந்த முகங்கள், திரும்பத் திரும்பச் செய்வது. அந்தத் திட்டத்தின் பலமே அதுதான்.

நம்மிடமும் இதற்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது, தனித்தனியாக. சுகாதாரத் துறை 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அறிவித்தது. அதில் தார்ச்சாலை உண்டு, கூடவே வந்து மரம் காட்டும் ஆள் கிடையாது. வனத்துறையிடம் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளும் காட்டுப் பாதைகளும் இருக்கின்றன. ஆனால் அது வருடத்துக்கு ஒரு முறை போய் வரும் சுற்றுலாவாக, இணையத்தில் பதிவு செய்து பணம் கட்டுபவர்களுக்கானதாக இருக்கிறது. குடியத்துக்குப் பக்கத்திலேயே வாழ்கிற, பூண்டிச் சுகாதார நிலையத்தில் மாதாமாதம் மாத்திரை வாங்கும் பெண் இந்தப் பாதையில் கட்டணம் கட்டி நடக்கப் போவதில்லை.

இரண்டு துறைகளும் சேர்ந்தால் போதும். சுகாதார நிலையத்துச் சீட்டோடு வருபவர்களுக்கு வாரம் ஒரு காலை, கட்டணம் இல்லாமல், காட்டின் ஓரத்துச் சுலபமான பாதையில் ஒரு வழிகாட்டியோடு நடை. குகை வரைக்கும் போக வேண்டும் என்றில்லை. குடியத்துக்கு வெளியே சென்னையிலேயே நன்மங்கலம் காப்புக்காடு இருக்கிறது. மாவட்டந்தோறும் ஊரை ஒட்டி இப்படி ஒரு புதர்க்காடாவது இருக்கும். வழிகாட்டிகளுக்கும் விடுமுறை நாள் கூட்டத்தை நம்பியிராமல் வாரம் முழுக்க வேலை கிடைக்கும். தமிழக அரசு இதை ஒரே ஒரு மாவட்டத்தில் செய்து பார்க்கட்டும். திருவள்ளூரிலிருந்தே தொடங்கலாம்.

அது வரும் வரை, போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். கோடையில் காட்டுத்தீ பயத்தால் பாதைகளை மூடிவிடுவார்கள். மழை விட்ட ஜனவரிதான் குடியத்துக்கு நல்ல காலம். புதுக் காலணியைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், பழகியதைப் போடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள் அன்றைய அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, சட்டைப் பையில் நாலு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி உங்கள் உடல்நிலையைப் பற்றிக் கேட்டால் உள்ளதை அப்படியே சொல்லிவிடுங்கள்.